சிண்டரெல்லா இழந்த அரை மணி நேரம்

தேவதைக் கதையொன்றைக் காலப்பயணத்தோடு சேர்த்து இளையோருக்காக மீண்டும் எழுதினால் மூலக்கதை கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதத் தொடங்கிய பிறகு யாரோ ஒருவர் தடுத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கெடாது, ஆனால் காலப்பயணம் அந்தக் கதைக்குள் ஏற்கெனவே இருக்கும் காலத்தைத் தொட வேண்டும். பினாங்கில் தமிழாசிரியையாக இருக்கும் நான் அப்படியொரு குறுநாவலை எழுதி மனம் நொந்தவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது சிண்டரெல்லா. நள்ளிரவுக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கெடு அக்கதையின் எல்லா வடிவங்களிலும் இல்லை. 1697இல் சார்ல் பெரோ பிரெஞ்சில் வெளியிட்ட வடிவத்தில் தேவதைத் தாய் அந்தக் கெடுவை விதிக்கிறாள். கிரிம் சகோதரர்கள் பின்னர் திருத்தி வெளியிட்ட வடிவத்தில் தேவதையும் இல்லை, கெடுவும் இல்லை, தாயின் கல்லறைமேல் வளர்ந்த மரமே உடை தருகிறது. எனக்குப் பெரோவின் கடிகாரமே வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் எங்கள் வீடு.

1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அன்றிரவு அப்பா நாற்காலியில் ஏறி, கூடத்துச் சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளை ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு விரலால் மெல்லத் தள்ளினார்; உடனே அது பன்னிரண்டு முறை அடித்தது. பூசையறைக் கடிகாரத்தைத் தொடப் பாட்டி விடவில்லை. "சூரியன் அரை மணி முன்னாலயா எழும்பும்? நான் இராகு காலத்த எத வெச்சுப் பார்க்கிறது? சப்பான்காரன் ஒன்றரை மணி நேரத்தப் புடுங்கினான், இப்ப இது வேறயா?" என்றார். ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டதைத்தான் அவர் சொன்னார். அதன்பின் எங்கள் வீட்டில் வெகுகாலம் இரண்டு நேரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

என் கதையின் மல்லிகா பதினேழு வயது ஐந்தாம் படிவ மாணவி. சிற்றன்னை உறங்கியபின், பன்னிரண்டுக்குள் திரும்பிவிடுவதாகப் பாட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, வேறு காலணி இல்லாததால் வெள்ளைப் பள்ளிக் காலணியோடு புத்தாண்டு விருந்துக்குப் போகிறாள். விருந்திலிருந்து பதினொன்றரைக்குப் புறப்பட்டால் நேரம் தாராளமாக இருக்கிறது. பீச் ஸ்திரீட் முனையில், விக்டோரியா அரசியின் வைரவிழாவை ஒட்டி ஆட்சியாண்டுக்கோர் அடியாக 60 அடி உயரத்தில் எழுப்பப்பட்டு, போர்க்காலக் குண்டுவீச்சால் சற்றே சாய்ந்து நிற்கும் மணிக்கூண்டை அவள் கடக்கும்போது பதினொன்றரை சட்டென்று பன்னிரண்டாகிறது. காணாமற்போன அந்த அரை மணி நேரத்துக்குள் அவள் விழுந்து, ஜப்பானியர் காலத்தில் தன் வயதிலிருக்கும் பாட்டியைச் சந்திக்கிறாள். ஒரு காலணி அங்கேயே தங்கிவிடுகிறது. தன் காலத்துக்குத் திரும்பிய மல்லிகா பாட்டியின் தகரப் பெட்டியைத் திறக்கும்போது, வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளி (டாலர்) ஜப்பானிய நோட்டுகளுக்கு அடியில் அது மஞ்சளேறிக் கிடக்கிறது.

இதை ஓர் ஆண்டுமலருக்கு அனுப்பினேன். மெய்ப்புப் பார்த்தவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "11.30க்கு அடுத்த நொடி 12 ஆயிற்று" என்ற வரியைப் பிழையென்று கருதி 11.59 என்று மாற்றிவிட்டார். மலர் அச்சாகி வந்தபின் நான்காம் படிவ மாணவி ஒருத்தி, "அவ ஏன் டீச்சர் முன்னமே கிளம்பல?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது. நேரம் பறிக்கப்பட்ட ஒரு பெண், அந்த ஒரு திருத்தத்தால், நேரம் பார்க்கத் தெரியாத பெண்ணாகிவிட்டாள். எங்கள் ஊரில் தமிழில் எழுதுபவர்களுக்கு ஊதியம் கிடைப்பது அரிது. அதை நான் பொறுத்துக்கொள்வேன். மாற்றுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்திருக்கலாம் என்பதுதான் இன்றும் ஆறாத வருத்தம்.

காலப்பயணம் மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் இங்கே எழுதக்கூடும். மகளுக்கு மணமகன் தேடிப் பிரம்மலோகம் சென்ற மன்னன் ககுத்மி, அங்கே பாட்டுக் கேட்டுக் காத்திருந்த சிறு பொழுதில் பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்துவிட்டதாகப் பாகவதம் சொல்கிறது. அந்த மகள் ரேவதிதான் பலராமனின் மனைவி. பழமையை மதிக்காமல் நான் பேசவில்லை.

ஆகவே எழுதுங்கள். பெரோவின் கெடுவைத் தளர்த்தாதீர்கள். உங்கள் ஊரில் காலம் எங்கே கிழிந்து தைக்கப்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது நேரத்தை எண்ணால் மட்டும் எழுதாமல் எழுத்தாலும் எழுதி, இது பிழையன்று என்று பக்க ஓரத்தில் சிவப்பு மையால் குறித்து அனுப்புங்கள். நான் அதைச் செய்யவில்லை.