மாணவர்களுக்கு இலக்கியத்தை எங்கிருந்து அறிமுகப்படுத்தத் தொடங்குவது?

கோலாலம்பூரில் இடைநிலைப்பள்ளியில் புதிதாகப் பணியேற்ற ஆசிரியர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "தமிழின் சிறந்த நூல்களையும் அவற்றை எழுதியவர்களையும் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். சங்க இலக்கியத்தில் தொடங்கிக் காலவரிசைப்படி வரலாமா, வேறு வழி உண்டா?"

பினாங்கில் இருபத்தோர் ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். காலவரிசை வேண்டாம் என்பதே என் பதில். மாணவர் பிறந்து வளர்ந்த மண்ணுக்கு மிக அருகில் உள்ள நூலை முதலில் எடுங்கள்; அங்கிருந்து பின்னோக்கிப் போனால் சங்கப் பாடலுக்கும் ஒரு நாள் வந்து சேரலாம். நூலாசிரியரைப் பற்றிய செய்திகளையும் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். "இதை எழுதியவர் யார்?" என்று மாணவர் கேட்கும்வரை பொறுத்திருங்கள்.

நம் மாணவர்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு, மலாய் மொழியில் நடக்கும் இடைநிலைப்பள்ளிக்கு வருகிறார்கள். வாரத்தில் சில பாடவேளைகளே தமிழுக்குக் கிடைக்கின்றன. சில பள்ளிகளில் அதுவும் பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையிலோதான். அவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நாலடியார், திருக்குறள் எனச் செய்யுளும் மொழியணியும் மனப்பாடமாக இருக்கும். அந்த மனப்பாடத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். பிற்காலத்தில் எத்தனையோ பேருக்கு அதுவே எஞ்சி நிற்கிறது. ஆனால் ஒரு செய்யுளுக்கு ஒரு பொருள், அதை எழுத்துப் பிசகாமல் எழுதினால் புள்ளி என்று பழகிவிட்டவர்களுக்கு, பாடலைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. நூலாசிரியரும் அவர்களுக்குப் பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, படைப்புகள் என்ற மூன்று வரிக் குறிப்பாகவே இருக்கிறார். என் முதல் ஆண்டுகளில் நானும் அந்தக் குறிப்பைத்தான் வெண்பலகையில் எழுதிப்போட்டேன். பாரதிதாசன் பிறந்த ஆண்டு 1891 என்று சரியாக எழுதிய மாணவன் ஒருவனிடம், அவர் பாடலில் ஒரு வரி சொல் என்று கேட்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். அந்தத் தவறு அவனுடையது அன்று.

அதற்குப் பிறகு, இடைநிலைப்பள்ளியின் முதலாண்டான படிவம் ஒன்றில் நான் முதலில் படித்துக் காட்டுவது பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே'. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற நம் பெண்களைப் பற்றிய பாடல் அது. எழுதியவர் பெயரைச் சொல்லாமல் இருமுறை உரக்கப் படிப்பேன். பிறகு, "உங்கள் பாட்டியோ பாட்டியின் தாயோ ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்றால் கையை உயர்த்துங்கள்" என்பேன். கெடாவிலும் பேராக்கிலும் செபராங் பிறையிலும் இருந்த தோட்டங்களின் பெயர்கள் வகுப்பில் ஒவ்வொன்றாக வந்து விழும். பிஜி எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளைகளுக்கும், அந்தப் பாடலில் வருபவர்கள் யார் என்று அந்தக் கணமே விளங்கிவிடும்.

ஓராண்டு, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, "டீச்சர், அவர் ஏன் காத்துகிட்ட கேட்கிறாரு? அந்தப் பெண்களையே கேட்கலாமே?" என்றாள். விம்மி அழும் குரலைக் கேட்டிருப்பாயே காற்றே என்று கவிஞர் பேசும் இடம் அது. ஆறு ஆண்டு அந்தப் பாடலை நடத்திய எனக்கு அந்தக் கேள்வி ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. அன்றுதான் பாரதியைப் பற்றிப் பேசினேன். அவர் பிஜிக்குப் போனதே இல்லை. 'சுதேசமித்திரன்', 'இந்தியா' ஆகிய இதழ்களில் பணியாற்றிய பத்திரிகைக்காரர். கடல் கடந்து போன கூலிகளின் நிலை செய்தியாகவே அவரிடம் வந்திருக்கும். அந்தப் பெண்களின் குரலை அவர் நேரில் கேட்க வழியே இல்லை. கடலைக் கடந்து போய்வரக் கூடியது காற்று ஒன்றுதான். 1908 முதல் பத்தாண்டுகள் அவரே புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தவர் என்பதையும், 1921-இல் முப்பத்தெட்டு வயதில் மறைந்தார் என்பதையும் அப்போது சொன்னேன். அவர்களே கேட்டுப் பெற்ற செய்திகள் என்பதால், அவற்றை நான் மறுபடி நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

படிவம் நான்குக்கு வந்ததும் ப. சிங்காரத்தைக் கொடுப்பேன். பினாங்கில் இருந்துகொண்டு அவரைப் படிக்காமல் ஒரு மாணவர் பள்ளியை விட்டுப் போவது எனக்குப் பெரிய குறையாகவே தோன்றுகிறது. சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்து, பதினெட்டு வயதில் வேலைக்காகச் சுமத்ரா தீவின் மேடானுக்குக் கப்பலேறியவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1946-இல் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் பணியாற்றித் தனியாக வாழ்ந்து 1997-இல் மறைந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு. 'கடலுக்கு அப்பால்' 1959-இலும், 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடித்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்து 1972-இலும் வெளிவந்தன. ஜப்பானியர் ஆட்சிக் காலத்து மேடானும் பினாங்கும், நம்மவரின் வட்டிக்கடைகளும், இந்திய தேசிய ராணுவமும் தமிழ் நாவலில் இவ்வளவு உயிரோடு வேறெங்கும் வந்ததில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மாணவர்களுக்கு முதலில் 'கடலுக்கு அப்பால்' போதும். போர்முனை கண்டு திரும்பிய செல்லையாவுக்கு முதலாளி தம் மகள் மரகதத்தைக் கொடுக்க மறுக்கிறார். துப்பாக்கி பிடித்த கை இனி வட்டிக்கணக்கு எழுத அடங்கி உட்காராது என்பது அவர் அச்சம். பதினாறு வயதுப் பிள்ளைகள் இதைப் பற்றி ஒரு பாடவேளை முழுவதும் வாதிடுவார்கள். சிலர் முதலாளி பக்கமும் பேசுவார்கள்; பேசவிடுங்கள். 'புயலிலே ஒரு தோணி'யை முழுவதுமாகக் கொடுப்பதில்லை. அதன் மொழி அடர்த்தியானது. பழந்தமிழ் இலக்கியத்தை அறிந்தவருக்கே பிடிபடும் கிண்டல்கள் நிறைந்தது. கடலில் தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் புயலில் சிக்கும் பகுதியை மட்டும் நானே படித்துக் காட்டுவேன். அந்தப் பகுதியை மௌன வாசிப்புக்கு விடவே கூடாது. அலையின் வேகம் அந்த வாக்கியங்களின் ஓசையில்தான் இருக்கிறது.

நாவலைப் படித்த பின் ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை ஜார்ஜ்டவுனுக்கு அழைத்துப் போவேன். 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலில் தொடங்கி, லெபோ பினாங் என்ற தெரு வழியாக நடப்போம். நாணய மாற்றுக் கடைகளும் துணிக்கடைகளும் இருக்கும் இந்தப் பக்கத்தில்தான் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியோடு தரையில் அமர்ந்து தொழில் நடத்தினார்கள் என்று நின்று சொல்வேன். வட்டிக்கடைப் பணியாளர்களான மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று நாவலில் வெறும் சொற்களாக இருந்தவை அங்கே ஆட்களாகிவிடும். ஒருமுறை மாணவன் ஒருவன் வீட்டுக்குப் போய்த் தன் தாத்தாவிடம் "பெட்டியடிப் பையன்னா யாரு?" என்று கேட்டிருக்கிறான். பதினைந்து வயதில் மளிகைக் கடை வேலைக்கு வந்து, இரவில் கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் படுத்து உறங்கிய கதையைப் பெரியவர் அன்றுதான் பேரனிடம் முதன்முதலாகச் சொன்னாராம். மறுவாரம் அவன் எழுதிக்கொண்டு வந்த இரண்டு பக்கத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்படி அருகிலிருந்து நடந்து பழகியவர்களைச் சங்கப் பாடலுக்கு அழைத்துச் செல்வது கடினமாக இருப்பதில்லை. குறுந்தொகையின் நாற்பதாம் பாடல், 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று தொடங்கும் ஐந்தே அடிகள். மழை பெய்தபின் செம்மண் மேட்டிலிருந்து ஓடிவரும் நீரின் நிறத்தை நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். மண்ணையும் நீரையும் இனிப் பிரிக்க முடியுமா என்று கேட்டால் போதும், உரை தேவைப்படாது. பாடியவர் பெயரைக் கேட்பார்கள். அவர் இயற்பெயர் நமக்குத் தெரியாது. 'செம்புலப் பெயனீர்' என்ற அந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வைத்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள். பிறந்த ஆண்டும் இல்லை, ஊரும் இல்லை, ஒரு தொடர் மட்டும் இருக்கிறது. இந்த ஆசிரியர் அறிமுகத்துக்கு மாணவர்கள் காட்டும் வியப்பு, வேறெந்தப் புலவருக்கும் நான் கண்டதில்லை. பட்டினப்பாலையின் 301 அடிகளையும் நடத்த வேண்டியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் குவிந்த பொருள்களுள் 'காழகத்து ஆக்கமும்' இருந்தது என்ற ஓரிடத்தைக் காட்டி, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைக் கடாரம், அதாவது கெடா, என்கிறார் என்று சொன்னால், நீரிணைக்கு அப்பால் தெரியும் கெடாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்' புற்றுநோயோடு போராடும் முதியவரின் கதை. படிவம் ஐந்துக்கு ஏற்றது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' தேயிலைத் தோட்டத்துக் கொடுமையை மறைக்காமல் காட்டும் பெருங்கதை என்றாலும், அதைப் படிவம் ஆறுக்கு ஒத்திப்போடுவேன். அதைத் தாங்கும் வயது வர வேண்டும். முழு நூலின் இடத்தில் கதைச் சுருக்கத்தைக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. பத்துப் பக்கமானாலும் நூலாசிரியரின் சொற்களாகவே இருக்கட்டும். முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில், பாடத்திட்டத்தில் இல்லாத நூலுக்கு நேரம் ஏது என்று கேட்டார்கள். ஒவ்வொரு பாடவேளையிலும் முதல் பத்து நிமிடத்தை உரக்கப் படிப்பதற்கு ஒதுக்கினேன், பாடத்திட்டத்தையும் முடித்தேன்.

உங்களுக்குக் கோலாலம்பூர் என்பதால், சிங்காரத்தைவிட அ. ரெங்கசாமி அருகில் இருக்கிறார். அவருடைய 'லங்காட் நதிக்கரை' ஜப்பானியர் காலத்துச் சிலாங்கூரின் கதை. அந்த ஆற்றுக்கு உங்கள் பள்ளியிலிருந்து பேருந்தில் ஒரு காலைப் பொழுதில் போய்வரலாம். 'நினைவுச் சின்னம்' சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியது. 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது என்பதை வரலாற்றுப் பாடத்தில் சொல்லிக்கொள்ளலாம். முதல் நாள் ஒன்றும் விளக்காமல் நாவலின் நான்கு பக்கங்களை மட்டும் படித்துக் காட்டுங்கள். அன்றைய வீட்டுப்பாடமாக, தங்கள் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர் எவரேனும் உண்டா என்று வீட்டின் மூத்தவரிடம் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவரச் சொல்லுங்கள்.