வலப்பக்க இருக்கை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணிக விமானி உரிமம் பெற்று, அண்மையில் பயிற்றுநர் தகுதியையும் முடித்திருக்கிறேன். ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். எழுத வருவதற்கு முன் நீங்கள் அப்படியொரு பள்ளியில் பயிற்றுநராக இருந்ததாக ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்தீர்கள். என்னுடன் படித்தவர்களோ, “பறந்த மணிக்கணக்கைச் சேர்த்துக்கொண்டு சீக்கிரம் ஏர்லைனுக்குப் போய்விடு, அதற்குமேல் அந்த வேலையில் ஒன்றுமில்லை” என்கிறார்கள். அந்த எண்ணத்தோடு மட்டும் சேர்வது சரியா? அன்றாடம் அங்கே வேலை எப்படி இருக்கும்? விமானம் ஓட்டத் தெரியாத ஒருவரிடம் அதை ஒப்படைத்துவிட்டு என்னால் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியுமா என்ற பயமும் இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மணிக்கணக்குக்காகப் பயிற்சிப் பள்ளியில் சேர்வதில் இழிவு ஏதுமில்லை. வணிக விமானி உரிமத்துக்குச் சர்வதேச விதிப்படி பொதுவாக 200 மணி நேரம், அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியானால் 150 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆனால் அந்த உரிமத்தோடு உடனே பெரிய விமானத்தில் ஏற எல்லா இடங்களிலும் வாய்ப்பு கிடைப்பதில்லை. அமெரிக்காவில் 2013 முதல் ஏர்லைனின் துணை விமானிக்கே பொதுவாக 1500 மணி நேரம் தேவைப்படுகிறது. இந்த இடைவெளியைச் சொந்தச் செலவில் பறந்து நிரப்ப மிகச் சிலரால்தான் முடியும் என்பதால், நேற்றுவரை கற்றுக்கொண்டவர் இன்று கற்றுக்கொடுக்க உட்காருகிறார். உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. நீங்கள் மறக்கக் கூடாதது ஒன்றுதான்: மாணவருடன் நீங்கள் பறக்கும் ஒரு மணி நேரம் பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் இருவருக்குமே ஏறுகிறது, ஆனால் அதற்குப் பணம் கட்டுகிறவர் அவர். அந்த மணி நேரம் யாருக்கு உரியது என்ற கேள்வி, வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே பல வேடங்களில் உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

நன்றாகக் கற்றுவிட்ட பாடத்தை இன்னொரு முறை பறக்கச் சொல்வதும், மாணவர் தடுமாறும்போது “செய்து காட்டுகிறேன்” என்று கட்டுப்பாட்டை வாங்கித் தானே பத்து நிமிடம் ஓட்டுவதும், தரையிலேயே படம் வரைந்து விளக்கியிருக்க வேண்டியதை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்குவதும் வெளியிலிருந்து பார்த்தால் தவறாகத் தெரியாது. ஆனால் அந்த நிமிடங்கள் எல்லாம் மாணவருடைய கடனிலோ அவருடைய குடும்பத்தின் சேமிப்பிலோ போய்ச் சேர்கின்றன. பல பள்ளிகளில் பயிற்றுநரின் ஊதியமும் பறந்த மணியைப் பொறுத்தே அமைவதால், காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே வலுக்கும் நாளில் “இன்று வேண்டாம்” என்று சொல்கிறவர் தன் வருமானத்தையே விட்டுக்கொடுக்கிறார். இந்த ஏற்பாடு நல்லதில்லை என்பது என் உறுதியான எண்ணம். தரையில் பாடம் நடத்தும் நேரத்துக்கும் ஊதியம் தரும் பள்ளி கிடைத்தால், தொகை சற்றுக் குறைவாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள்.

அன்றாட வேலையில் பறப்பதைவிடக் காத்திருப்பதும் சரிபார்ப்பதும்தான் அதிகம். வெயில் ஏறினால் சூடான காற்று அடர்த்தி குறைந்து விமானத்தின் ஏறும் திறன் தளரும், தரையிலிருந்து எழும் காற்றோட்டங்கள் விமானத்தைக் குலுக்கும் என்பதால், புதிய மாணவர்களுக்குக் காலை நேரத்தையே ஒதுக்குவார்கள். விடியும்போது நீங்கள் இறக்கையின் அடியில் நின்று, தொட்டியிலிருந்து சிறிது எரிபொருளைத் தெளிவான குவளையில் பிடித்து, நீல நிறம் சரியாக இருக்கிறதா, அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று மாணவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதே சோதனையை நூறாவது முறை செய்யும்போதும் முதல் முறை பார்த்த கவனத்தோடு அவர் பார்க்கிறாரா என்று கவனிப்பது உங்கள் வேலை. உங்களைப் பார்த்துத்தான் அவர் அதைக் கற்றுக்கொள்வார். வானிலை அறிக்கை, எடைக் கணக்கு, விமானக் குறிப்பேடு, விமானங்களை ஒதுக்கி அனுப்பும் டிஸ்பேட்ச் மேசையின் அட்டவணை எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் மேகம் இறங்கிவிட்டால், அந்தக் காலை முழுவதும் வகுப்பறையில் கழியும். அதை வீணான காலை என்று நினைக்கிற பயிற்றுநரிடம் மாணவர்கள் நெடுநாள் நிற்பதில்லை.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது இருக்க வேண்டிய பயம்தான். இதுவரை நீங்கள் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, தவறு தெரிந்த கணமே திருத்திப் பழகியிருக்கிறீர்கள். இனி வலப்பக்கத்தில் உட்கார்ந்து, தவறு தெரிந்த பிறகும் கையை மடியில் வைத்திருக்கப் பழக வேண்டும். இறங்கும்போது தரைக்குச் சற்று மேலே மாணவர் கட்டுப்பாட்டுக் கோலைக் கூடுதலாக இழுத்துவிட, விமானம் தரையைத் தொடாமல் மறுபடி எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சிறிதே எழும்பி, வேகமும் மிச்சமிருந்தால், அவரே சமாளிக்கட்டும் என்று விடலாம். அதிலிருந்து அவர் கற்பதை எந்த விளக்கமும் கற்றுத்தராது. உயரம் கூடி வேகம் வடிந்துகொண்டிருந்தால் அடுத்த நொடியே “ஐ ஹேவ் கண்ட்ரோல்” என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். “யூ ஹேவ் கண்ட்ரோல்” என்று அவர் வாய்விட்டுச் சொல்லிக் கையை எடுக்கிறாரா என்று கவனிக்க வேண்டும். இந்தக் கைமாற்றத்தைத் தரையில் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்; விமானத்தை ஓட்டுவது யார் என்பதில் இருவருக்கும் ஐயம் வந்துவிட்டால், அதைவிட ஆபத்தான நிலை அந்தச் சின்ன அறைக்குள் வேறில்லை. எவ்வளவு விடலாம் என்ற எல்லை, உங்கள் திறமை கூடக்கூட விரியும். தொடக்கத்தில் அதைக் குறுக்கியே வைத்துக்கொள்ளுங்கள், அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

பயிற்றுவிப்பதை ஒரு தனிக் கலையாக முதலில் வகுத்தவர்களுள் முக்கியமானவர் பிரிட்டிஷ் படை அதிகாரி ராபர்ட் ஸ்மித்-பாரி. முதல் உலகப்போர்க் காலத்தில், 1917-இல், இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் அவர் நடத்திய பள்ளியில், ஆபத்தான நிலைகளிலிருந்து மாணவரை விலக்கி வைக்காமல், இரட்டைக் கட்டுப்பாடு கொண்ட ஆவ்ரோ 504 விமானத்தில் வேண்டுமென்றே அந்த நிலைகளுக்குள் கொண்டுபோய், காரணத்தை விளக்கி, மீளக் கற்றுக்கொடுத்தார்கள். இன்றும் ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை, குறித்த பயிற்சியில் நாம் செய்வது அதுதான். அந்தப் பயிற்சியை மேம்போக்காக நடத்தினால் என்னவாகும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே நடந்த பயணிகள் விமான விபத்து நினைவுக்கு வரும். ஸ்டால் எச்சரிக்கை வந்தபோது மூக்கைத் தாழ்த்துவதற்கு மாறாகக் கட்டுப்பாட்டுக் கோல் பின்னால் இழுக்கப்பட்டது; 50 பேர் இறந்தார்கள். 1500 மணி நேர விதி அந்த விபத்தையொட்டி வந்ததுதான், ஆனால் அந்த விமானிகள் இருவருமே 1500 மணியைத் தாண்டியவர்கள். மணிக்கணக்கு தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை. நெருக்கடியில் கை தானாகச் செய்ய வேண்டியதன் முதல் பதிவு பயிற்சிப் பள்ளியில் விழுகிறது, அதைப் பதிக்கிறவர் நீங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு நாள், ஓடுபாதையைச் சுற்றிப் பறந்து இறங்கும் வழக்கமான சர்க்யூட்டுகளை முடித்ததும், விமானத்தை நிறுத்தச் சொல்லி நீங்கள் இறங்கிக்கொள்வீர்கள். உங்கள் எடை குறைவதால் விமானம் பழக்கத்தைவிடச் சீக்கிரம் எழும்பும், வேகமாக ஏறும் என்பதை மாணவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சிறு வேறுபாடே அவரைத் திகைக்க வைக்கும். அவர் தனியாகச் சுற்றி வரும் அந்தச் சில நிமிடங்கள் உங்கள் லாக்புக்கில் ஏறாது. ஆனால் நீங்கள் செய்த வேலைக்கு அதைவிட நேரான அத்தாட்சி கிடையாது. முதல் தனிப் பறப்பு தள்ளிப்போகும் மாணவர்களும் இருப்பார்கள். கூடப் படிப்பவர்கள் முந்திவிட்டார்கள் என்ற வருத்தத்தோடு அவர்கள் உங்களிடம் வருவார்கள். அந்த வருத்தத்துக்கு இரங்கி ஒருவரைத் தனியே அனுப்பிவிடாதீர்கள்.

பணியில் சேரும் முன் விமானங்களை நிறுத்திப் பராமரிக்கும் ஹேங்கருக்குப் போய்ப் பராமரிப்புப் பொறியாளரிடம் பேசுங்கள். பள்ளி விமானங்கள் ஒரே மணியில் ஆறேழு முறைகூடத் தரையில் இறங்குகின்றன. செஸ்னா 172 போன்ற உறுதியான விமானத்திலும் டயரும் பிரேக்கும் மூக்குச் சக்கரமும் இதனால் விரைவில் தேய்கின்றன. ஆகவே குறிப்பேட்டைப் புரட்டும்போது, மாணவர்களும் பயிற்றுநர்களும் எழுதிய சின்னச் சின்னக் குறைகளும் அவை சரிசெய்யப்பட்ட பதிவுகளும் நிறைய இருந்தால் நம்பிக்கையோடு சேருங்கள். பக்கம் பக்கமாக ஒரு குறையும் எழுதப்படாமல் இருந்தால், குறை எழுதுகிறவர்களை அந்தப் பள்ளி எப்படி நடத்துகிறது என்று விசாரியுங்கள். பயிற்றுநர் ஒரு பறப்பை ரத்து செய்தால் அதை மாற்ற யாருக்கு அதிகாரம் உண்டு என்றும் கேளுங்கள். “யாருக்கும் இல்லை” என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், இன்னொரு பள்ளியைப் பாருங்கள்.

அன்புடன்.