யாருக்கு என்ன வாங்கலாம்? கேள்வி பதில்

மயிலாப்பூரில் 22 வருடமாகப் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். குத்துவிளக்கு வாங்கலாமா? (வேளச்சேரி)

வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் அண்ணியிடம் கேளுங்கள். இல்லையென்றால் நாச்சியார்கோவில் விளக்காக வாங்குங்கள். அண்ணா சாலையில் அரசின் பூம்புகார் கைவினைக் கடையில் கிடைக்கும். பாதம், தண்டு, அகல் எல்லாம் தனித்தனியாக வார்த்து, மரை போட்டுத் திருகியிருப்பார்கள். கடையிலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள். மரை தொளதொளவென்று இருந்தால் வேண்டாம். அகல் ஒரு பக்கம் சாய்ந்து எண்ணெய் வழியும், தினமும் துடைப்பது அண்ணிதான். சுவர்க்கடிகாரம் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

அம்மாவுக்கு 70 வயது. காஞ்சிபுரம் பட்டு எடுக்கலாம் என்றிருக்கிறேன். (அம்பத்தூர்)

அம்மா கடைசியாகப் பட்டு கட்டியது எப்போது? என் மாமியார் போன பிறகு பீரோவைத் திறந்தோம். பதினொரு பட்டுப்புடவைகள், மடிப்புக் கலையாமல், இரண்டில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. எல்லாம் நாங்கள் ஆசையாக எடுத்துக் கொடுத்தவை. தோள் வலியோடு அந்த ஜரிகைக் கனத்தை அவரால் தாங்க முடியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மெல்லிய மதுரைச் சுங்குடி இரண்டு எடுங்கள். சென்னை வெயிலுக்குத் தினமும் கட்டுவார்.

குழந்தைக்குத் தங்க மோதிரம்? (பெரம்பூர்)

916 (22 காரட்) முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட ஹெச்யூஐடி என்ற நகை அடையாள எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த எண் கட்டாயம், இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றதை நகைக்கடையில் கேளுங்கள்.

நண்பர் புது வீடு வாங்கியிருக்கிறார், என்ன கொடுக்கலாம்? (தாம்பரம்)

வேளச்சேரிக்குச் சொன்னதைப் படியுங்கள். கடிகாரம் வேண்டாம்.

எதற்கு இவ்வளவு யோசனை? கவரில் 1,001 வைத்தால் முடிந்தது. (பல்லாவரம்)

மொய் வேறு, பரிசு வேறு. மொய்யை நோட்டில் பேர், ஊரோடு எழுதி வைத்து, நம் வீட்டு விசேஷத்தில் திரும்பச் செய்வார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அதில் வாங்குகிறவரைப் பற்றி நாம் ஒன்றும் யோசிப்பதில்லை.

தங்கை கல்யாணத்தில் மண்டப பாக்கியைக் கட்டியதே மொய்ப் பணம்தான். வந்த ஒன்பது கடிகாரங்களா கட்டின? (பல்லாவரம், மறுபடியும்)

நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். பாக்கி நிற்கிற வீட்டுக்குப் பணம் கொடுப்பதும் அவர்கள் நிலைமையைப் பார்த்துக் கொடுப்பதுதான்.

பணம் கொடுத்தால் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்களா? (திருவான்மியூர்)

நம் ஊரிலா? மாட்டார்கள். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுங்கள். மொய் பற்றி இத்தோடு போதும்.

மாமா ரிட்டயர் ஆகிறார். நல்ல கடிகாரமாக...? (போரூர்)

வேண்டாம், வேண்டவே வேண்டாம். மத்தியானம் அவர் எங்கே படுப்பார் என்று அத்தையிடம் கேளுங்கள். தரையில் என்றால் பத்தமடைப் பாய். கோரையை மெல்லிதாகக் கிழித்துப் பருத்தி நூலில் நெய்தது, துணி மாதிரி மடியும், முதுகுக்குச் சில்லென்று இருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே சுருட்டச் சொல்லுங்கள், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.