ஆற்றில் மீன்பிடிக்க எந்தப் பை? கேட்டதும் சொன்னதும்

காலையில் போய் மாலையில் திரும்புவேன். 40 லிட்டர் பை மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. ஒரு நாளைக்கு 20 முதல் 25 லிட்டர் தாராளம். இரண்டு லூர் (செயற்கை இரை) டப்பா, உதிரி தூண்டில் நரம்பு, குறடு, தண்ணீர், சாப்பாடு, மழைக்கோட்டு எல்லாம் அடங்கிவிடும். பையில் இடம் மிச்சமிருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது திணிக்கும். பாசி பிடித்த பாறையில் கால் வைக்கும்போது அந்தக் கூடுதல் எடை தெரியும். கரையில் இரவு தங்கினால் மட்டும் 40 லிட்டர் பக்கம் போங்கள். கடைக்குப் போகும்போது லூர் டப்பாவையும் கொண்டுபோய் உள்ளே வைத்துப் பாருங்கள். லிட்டர் கணக்கு சரியாக இருந்தாலும் சில பைகளில் வாய் குறுகலாக இருக்கும்.

'வாட்டர்ப்ரூஃப்' என்று நம்பி வாங்கினேன். தண்ணீரில் விழுந்ததும் உள்ளே எல்லாம் நனைந்துவிட்டது. ஏன்?

துணியில் பூச்சு இருந்திருக்கும். ஆனால் தண்ணீர் தையல் ஓட்டை வழியாகவும் ஜிப் வழியாகவும் வரும். அந்த மாதிரிப் பை மழைக்குச் சரி, முழுகினால் தாங்காது. மேலே மாட்டும் மழை உறையும் அப்படித்தான். முதுகுப் பக்கம் திறந்தே கிடக்கும்.

முழுக வாய்ப்பு உண்டென்றால், தையலுக்குப் பதில் சூட்டில் ஒட்டிய டிபியு அல்லது பிவிசி பிளாஸ்டிக் பை, வாயைச் சுருட்டி மூடும் வகை பாருங்கள். குறைந்தது மூன்று சுருட்டு, மடிப்பு விழாமல் தட்டையாக. ஆனால் அந்தப் பைகள் பெரும்பாலும் உள்ளே ஒரே குழிதான். ஒரு ஈயக்குண்டு எடுக்க மொத்தத்தையும் கிளற வேண்டும். ஆகவே நான் சொல்வது: நல்ல சாதாரணப் பை ஒன்று, அதற்குள் போன், சாவி, மாற்றுத்துணிக்குச் சுருட்டி மூடும் சின்னப் பை ஒன்று. இதுவே பலருக்குப் போதும்.

இடுப்புப் பட்டை அவசியமா?

நெடுந்தூரம் நடக்க அவசியம், சுமை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். ஆனால் தண்ணீருக்குள் இறங்கும் முன் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். நீரோட்டத்தின் இழுப்பில் விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும். மூழ்கிய கிளையில் பட்டை மாட்டிக்கொண்டால் ஆளையே பிடித்து வைத்துவிடும். கடையிலேயே பையில் சுமை ஏற்றி, மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி ஒரே கையால் பக்கிளைத் திறந்து பாருங்கள். விரல் தடுமாறினால் அந்தப் பை வேண்டாம்.

இன்னொன்று: காற்று அடைபட்ட பை மிதக்கும். இடுப்பளவு தண்ணீரில் முதுகிலிருந்து மேலே தூக்கி உங்களைத் தடுமாற வைக்கும். சுருட்டும் முன் காற்றைப் பிதுக்கி எடுங்கள்.

ராடை (தூண்டில் கம்பை) எங்கே கட்டுவது?

அடிப்பக்கத்தைப் பக்கவாட்டுப் பாக்கெட்டில் நிறுத்தி, மேலே இறுக்கும் பட்டையில் கட்டுங்கள். 7 அடி ராட் இரண்டு துண்டாக இருந்தால் ஒவ்வொன்றும் மூன்றரை அடி வரும். அது தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு கிளையில் சிக்கும். புதருக்குள் நுழையும்போது கழற்றி, நுனி பின்னால் இருக்கும்படி கையில் பிடித்துப் போங்கள். நான்கு துண்டு ராட் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

வெளியே வலைப் பாக்கெட் நிறைய இருந்தால் வசதிதானே?

தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும். மூன்று முனைத் தூண்டில் முள் வலையில் ஏறினால் கொக்கியின் எதிர்முள் திரும்ப விடாது, வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஒற்றைத் தோள் பை?

கொஞ்சமாகச் சாமான் கொண்டுபோவோருக்கு அருமை. கழற்றாமலே முன்னால் இழுத்துத் திறக்கலாம். வீசும் கைப்பக்கத் தோளில் மட்டும் மாட்டாதீர்கள். சுமை கூடினால் தோள் வலிக்கும்.

மீன் நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது.

மீனை அதே பைக்குள் போடாதீர்கள், அதற்குக் கழுவக்கூடிய தனிப் பை வேண்டும். இப்போதைக்கு மிதமான சோப்புத் தண்ணீரில் கையால் கழுவி, எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் பூச்சு உரியும். வேறு ஆற்றுக்குக் கொண்டுபோகும் முன் சேற்றை நீக்கி நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் ஒட்டிய பாசியும் நத்தைக்குஞ்சும் பையோடு அடுத்த ஆற்றுக்குப் போய்ச் சேரும்.