வெட்டுவது குற்றமில்லை

அன்புள்ள ஐயா,

கோடை விடுமுறையில் என் பதினொரு வயது மகனுக்கு ஹாரி பாட்டர் ஐந்தாம் புத்தகத்தை வாசித்துக் காட்டினேன். முடித்த கையோடு படத்தையும் பார்த்தோம். படம் முடிந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "ஆஸ்பத்திரியே வரலம்மா" என்று ஒரே புகார். ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலின் மனநிலை குலைந்த அம்மா, மருத்துவமனையில் மகன் கையில் ஒரு வெறும் பபுள்கம் காகிதத்தைக் கொடுப்பாள் அல்லவா, அது அவனுக்கு மிகவும் பிடித்த இடம். இவ்வளவு பெரிய சிறுவர் நாவல்களை இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்க நினைப்பதே தவறில்லையா? இப்போது தொடராக எடுக்கிறார்களாம். அதுதானே சரி?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

உங்கள் மகனுக்கு நல்ல ரசனை. "குப்பையில் போடு" என்று பாட்டி சொல்லியும், நெவில் அந்தக் காகிதத்தைப் பைக்குள் ஒளித்துக்கொள்வதை ஹாரி கவனித்துவிடுவான். அந்த நாவலில் மந்திரம் எதுவுமே இல்லாத, ஆனால் மறக்க முடியாத இடம் அது.

ஆனாலும் நீளத்தின் மேல் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. கணக்கைப் பாருங்கள். ஏழு புத்தகங்களில் மிகப் பெரியது ஐந்தாவது, 38 அத்தியாயங்கள். 2007இல் வந்த அதன் படம் 138 நிமிடம்தான். முன்னால் வந்த நான்கு படங்களுமே அதைவிட நீளமானவை. எட்டுப் படங்களில் மிக நீளமானது இரண்டாவது, 161 நிமிடம். அதன் புத்தகமோ மிகச் சிறியதற்கு அடுத்தபடி. புத்தகத்தில் இருப்பதையெல்லாம் வரிசை தவறாமல் காட்ட முயன்ற அந்த இரண்டாம் படம்தான் எனக்குக் கொட்டாவி வரவழைக்கிறது.

ஐந்தாம் படத்தில், துடைப்பத்தில் பறந்தபடி ஆடும் குவிடிச் ஆட்டம் ஒன்றுகூடக் கிடையாது. மந்திர அமைச்சகம் அனுப்பிய ஆசிரியை அம்ப்ரிட்ஜ் அம்மையார் பள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பிடிக்குள் கொண்டுவருவதை நாவல் பல அத்தியாயங்களுக்கு விரித்துச் சொல்கிறது. படத்தில், காவலாளி ஃபில்ச் ஏணியில் ஏறி, அம்மையாரின் ஆணைகளை ஒவ்வொன்றாகச் சுவரில் ஆணியடித்து மாட்டுகிறார். அடுத்த தடவை பார்க்கும்போது இன்னும் சில சட்டங்கள். அப்புறம் சுவரே தெரிவதில்லை. வசனம் எதுவும் தேவைப்படவில்லை. இதை வெட்டு என்று சொல்வதா? எனக்கு இது நல்ல எழுத்தாகவே படுகிறது.

அந்தப் படத்தின் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து கிளம்பும்போது ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் ஒரு சிறு பொட்டலம் கொடுப்பார், நினைவிருக்கிறதா? அவரை ஆபத்தில் இழுத்துவிடக் கூடாது என்று ஹாரி அதைப் பிரிக்கவே மாட்டான். சிரியஸ் இறந்தபின் பெட்டியின் அடியில் அது கிடைக்கும். உள்ளே ஒரு கண்ணாடி. அதைப் பார்த்துப் பெயரைச் சொன்னால் அவரிடம் நேராகப் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் அவர் வீட்டில் பத்திரமாக இருப்பது தெரிந்திருக்கும், அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து யாரும் அமைச்சகத்துக்கு ஓடியிருக்க வேண்டாம், அவரும் அங்கே வந்து செத்திருக்க வேண்டாம். மருத்துவமனை போனதால் ஒரு நல்ல காட்சி போயிற்று. கண்ணாடி போனதால் அந்தச் சாவில் ஹாரியின் பங்கு பாதி கரைந்துபோயிற்று. 2010இல் வந்த படத்தில் அதன் உடைந்த சில்லு மட்டும் எங்கிருந்தோ முளைத்து நிற்கும். படத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது என்ன ஏது என்றே புரியாது.

நல்ல சிறுவர் மாயக்கதை எதிலும் மாயம் இலவசமாகக் கிடைப்பதில்லை. சினிமாக்காரர்கள் பெரும்பாலும் மாயத்தை வைத்துக்கொண்டு அதன் விலையைக் கத்தரித்துவிடுகிறார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த மோசமான உதாரணம் மிஷாயேல் எண்டே 1979இல் ஜெர்மனில் எழுதிய 'முடிவில்லாக் கதை'. 26 அத்தியாயங்கள். வோல்ஃப்காங் பீட்டர்சன் 1984இல் எடுத்த படம் ஏறக்குறைய முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. கதைக்குள் இருக்கும் மாய உலகின் பேரரசி, அந்தக் கதையை வாசிக்கும் சிறுவன் பாஸ்டியானிடம், எத்தனை ஆசை வேண்டுமானாலும் கேள், கேட்கக் கேட்க இந்த உலகம் இன்னும் அழகாகும் என்கிறாள். அவன் அதிர்ஷ்ட டிராகன் மேல் ஏறித் தன் ஊருக்கே பறந்து வந்து, தன்னைத் தொல்லை செய்த பையன்களைத் துரத்துகிறான். கைதட்டல், பாட்டு, சுபம்.

புத்தகம் சூடுபிடிப்பதே அதற்குப் பிறகுதான். ஆசை ஒன்று நிறைவேறினால் அவனுடைய நினைவு ஒன்று போய்விடும். அழகனாக ஆசைப்படுகிறான், ஆகிறான். தான் குண்டுப் பையனாக இருந்ததே மறந்துபோகிறது. போகப்போக, தானே பேரரசனாக வேண்டும் என்று கிளம்பி உற்ற நண்பன் அட்ரேயுவையே வாளால் காயப்படுத்துகிறான். வழியில் ஓர் ஊர் வருகிறது. அவனுக்கு முன்னால் அங்கே வந்து, நினைவையெல்லாம் செலவழித்துவிட்ட மனிதர்கள் அங்கே திரிகிறார்கள். அவர்களால் கதை சொல்ல முடியாது. எழுத்து பொறித்த பகடைகளை உருட்டியபடி இருக்கிறார்கள். உருட்டிக்கொண்டே இருந்தால் என்றைக்காவது ஒரு கதை தானாக விழாதா என்று. ஒரு குரங்கு அவர்களை மேய்க்கிறது. கடைசியில் பெற்றவர்களையும் மறந்த பாஸ்டியான், படங்கள் புதைந்து கிடக்கும் ஒரு சுரங்கத்தில் படம் தோண்டுகிறான். வெள்ளை அங்கி போட்ட ஓர் ஆள் பல்செட்டு அச்சைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் படம் கிடைக்கிறது. அது பல் கட்டும் வேலை பார்க்கிற அவன் அப்பா. அவனுக்கு அது யாரென்று தெரியவில்லை. ஆனால் மனசு அந்த ஆளிடம் போகத் துடிக்கிறது.

எண்டே அந்தப் படத்தின் மேல் வழக்குப் போட்டார், தோற்றார். 1990இல் வந்த இரண்டாம் பாகத்தில் நினைவு போகும் விஷயம் உண்டுதான். ஆனால் அதில் ஒரு சூனியக்காரி இயந்திரம் வைத்து அதைத் திருடுகிறாள். பையன் தானே செலவழித்த பணம் பிக்பாக்கெட் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது!

தொடர் பற்றிக் கேட்டீர்கள். பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' நாவல் 2007இல் 'தி கோல்டன் காம்பஸ்' என்று படமானது. கதாநாயகி லைரா எவ்வளவோ பாடுபட்டு மீட்ட நண்பன் ரோஜர், அவள் கூட்டிப்போன இடத்திலேயே சாவதுதான் நாவலின் முடிவு. அந்தக் கடைசி அத்தியாயங்களைப் படம் பிடித்தும் வைத்திருந்தார்கள். அடுத்த பாகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வெட்டிவிட்டார்கள். அடுத்த பாகம் வரவே இல்லை. 2019இல் பிபிசியும் எச்பிஓவும் எடுத்த தொடர் அந்தச் சாவை ஒளிக்காமல் காட்டியது. அதற்காகத் தொடர் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த உலகத்தில் ஒவ்வொருவர் ஆன்மாவும் மிருக உருவில் கூடவே நடக்கும். முதல் பருவத்தின் கூட்டக் காட்சிகளில் மனிதர்கள் மட்டும் நிற்கிறார்கள், மிருகங்களைத் தேட வேண்டியிருக்கிறது. மணிக்கணக்கு கூடியும் இந்தக் குறை தீரவில்லை.

அதனால் புதிய ஹாரி பாட்டர் தொடரில் உங்கள் மகனுக்கு ஆஸ்பத்திரி கிடைத்தால் சந்தோஷம். நான் அந்தப் பொட்டலத்துக்காகக் காத்திருப்பேன். அதுவரை அவனுக்கு 'முடிவில்லாக் கதை'யின் 1984ஆம் ஆண்டுப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள், வெறுக்க மாட்டான். மறுநாள் ரால்ஃப் மன்ஹைமின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்துப் பதின்மூன்றாம் அத்தியாயத்திலிருந்து வாசியுங்கள். இரண்டு வண்ண மையில் அச்சிட்ட பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள்; நம் உலகம் ஒரு நிறம், அந்த உலகம் இன்னொரு நிறம். நிறம் மாறும் இடங்களை அவனே சொல்வான்.