நட்பும் அதன் சொந்தக்காரச் சொற்களும்: கேள்வி பதில்

‘நட்பு’ என்னும் சொல்லைப் பற்றித் திருநெல்வேலிச் சீமையின் வாசகர்கள் கேட்டவற்றுக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி (பாளையங்கோட்டை, பள்ளி மாணவி): ஐயா, தேர்வில் நட்புக்கு வேறு சொல் கேட்டால் கேண்மை, தோழமை, சிநேகம் என்று எதை எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கிறது. இவை எல்லாம் ஒன்றுதானா?

பதில்: தேர்வுக்கு ஒன்றுதான், அம்மா, பேச்சிலும் பாட்டிலும் ஒன்றல்ல. கேண்மை ‘கேள்’ என்பதிலிருந்து வருவது. கேள் என்றால் உறவினர், நண்பர் இருவருமே. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற புறநானூற்று அடியில் வரும் கேளிர் அந்தச் சொல்தான், கணவனைக் குறிக்கும் கேள்வன் என்பதும் அதன் கிளைதான். ஆகவே கேண்மை என்று சொல்லும்போது வெளியாளைச் சொந்தக்காரனாக ஆக்கிக்கொண்ட சாயல் கூடவே வருகிறது. ‘நிறைநீர நீரவர் கேண்மை பிறைமதிப் பின்னீர பேதையார் நட்பு’ என்ற குறளைக் காட்டி, நல்லவரோடு கொள்வது கேண்மை, மற்றவரோடு கொள்வது நட்பு என்று சிலர் பாகுபாடு சொல்வதுண்டு. அது பொருந்தாது, ‘பருகுவார் போலினும் பண்பிலார் கேண்மை பெருகலிற் குன்றல் இனிது’ என்று தீ நட்பு அதிகாரத்தின் முதற்குறளிலேயே வள்ளுவர் கேண்மையைப் பண்பில்லாதவரோடு சேர்த்துவிட்டார். தோழமையில் உடனிருந்து செயல்படுவது முன்னிற்கிறது. அரசியல் இயக்கத்தவர் ஒருவரையொருவர் ‘தோழர்’ என்று அழைப்பதை நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): நட்பு என்பதற்கு வேர்ச்சொல் எது?

பதில்: நள் என்னும் வினை. ‘நள்ளுதல்’ என்றால் விரும்பிச் சேர்தல். நள்ளோடு பு சேரும்போது ளகரம் டகரமாகத் திரிந்து நட்பு ஆயிற்று. நட்டார் என்றால் நண்பர், நள்ளார் என்றால் பகைவர். ‘நாடாது நட்டலிற் கேடில்லை’ என்ற குறளில் வரும் ‘நட்டல்’ நாற்று நடுவதைக் குறிப்பதன்று, நட்புச் செய்வதைக் குறிப்பது. வகுப்பில் ஆண்டுதோறும் இரண்டொரு பிள்ளைகளாவது வயலுக்குள் இறங்கிவிடுவார்கள்.

கேள்வி (தென்காசி, கல்லூரி மாணவர்): குறுந்தொகையில் தலைவி தன் காதலை நட்பு என்கிறாளே, அது பொருந்துமா?

பதில்: நன்றாகப் பொருந்தும். நீங்கள் கருதுவது மூன்றாம் பாட்டு என்று நினைக்கிறேன். நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட ஆழங்காண அரியது என்று அடுக்கிக்கொண்டே போய், கரிய தண்டுடைய குறிஞ்சிப் பூவிலிருந்து தேனீக்கள் தேன் இழைக்கும் மலைச்சாரலைக் காட்டி, கடைசிச் சொற்களாக ‘நாடனொடு நட்பே’ என்று அவள் முடிக்கிறாள். இரண்டாம் பாட்டிலும் தலைவன் தன் தலைவியைப் பற்றிச் சொல்கையில் ‘பயிலியது கெழீஇய நட்பின்’ என்கிறான். காதல் வேறு, நட்பு வேறு என்று நாம் இன்று போடும் வரப்பு அந்தச் சொல்லுக்குள் அன்று இல்லை; இருவர் மனம் ஒன்றிய நிலை எதுவோ அது நட்பு. ‘வெறும் நட்புத்தான்’ என்று இக்காலத்தில் சொல்லும்போது அந்த ‘வெறும்’ என்பதை என்னால் ஏற்க முடிவதில்லை.

கேள்வி (களக்காடு): தோழி என்பது நண்பனுக்குப் பெண்பால் மட்டும்தானா?

பதில்: இன்று அப்படித்தான் வழங்குகிறோம். தொல்காப்பியமோ ‘தோழி தானே செவிலி மகளே’ என்று அவளுக்குப் பிறப்பையே வரையறுத்துவிட்டது. தலைவியை வளர்த்த செவிலித்தாயின் மகள் என்பதால்தான் அவளுக்கு அத்தனை உரிமையும் அத்தனை பேச்சும் வாய்த்தன. அவளை அழைக்க ‘இகுளை’ என்றொரு அழகிய சொல்லும் சங்கப் பாட்டில் உண்டு, வழக்கிழந்து போயிற்று.

கேள்வி (மேலப்பாளையம்): அண்ணாச்சி, தம்பி கல்யாணத்துக்கு வைக்கும் பலகையில் ‘இவண் சேக்காளிகள்’ என்று போட்டோம். கொச்சை என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் கடிந்துகொண்டார். நண்பர்கள் என்றுதான் போட வேண்டுமா?

பதில்: தாராளமாகச் சேக்காளிகள் என்றே போடுங்கள். சேர்க்கை என்பதை நாம் பேச்சில் சேக்கை என்கிறோம். ‘அவன் சேக்க சரியில்ல’ என்று கேட்காத தெரு நம் பக்கத்தில் உண்டா? அதோடு ‘ஆளி’ சேர்ந்து சேக்காளி ஆயிற்று என்று கொள்வதே இயல்பு. கூட்டாளி, பங்காளி, உழைப்பாளி ஆகியவற்றில் வரும் அதே ஆளிதான் இங்கும் வருகிறது. இவற்றை யாரும் கொச்சை என்று சொல்வதில்லை. பொருளிலும் இது நண்பனைவிட நெருக்கமானது. நண்பர் என்று அலுவலகத்தில் உடன் வேலை செய்பவரையும் மரியாதைக்குச் சொல்லலாம். ‘அவன் எஞ் சேக்காளில்லா’ என்று சொல்ல, ஆற்றில் ஒன்றாகக் குளித்து வளர்ந்த பழக்கமாவது வேண்டும். ‘கூட்டாளி’ தொழிலில் பங்குள்ளவரையும் குறிப்பதால் பத்திரத்திலும் இடம்பெறும். சேக்காளிக்குப் பத்திரத்தில் வேலையில்லை. ஒன்றை மட்டும் திருத்தலாம்: ‘இவண்’ என்ற சொல்லுக்கு இவ்விடம் என்பதே பொருள். ‘இங்ஙனம்’ அல்லது ‘இப்படிக்கு’ என்று போடுவது பொருத்தம்.

கேள்வி (செங்கோட்டை): எங்கள் பாட்டி சங்காத்தம் என்ற சொல்லை நல்ல பொருளில் சொல்கிறார். திருநெல்வேலியில் அது திட்டாக இருக்கிறதே?

பதில்: உங்கள் ஊர் திருவிதாங்கூர் நாட்டையும், அது கொச்சியோடு இணைந்தபின் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்தது என்பதை நினைவில் வைத்தால் பாட்டியின் பேச்சில் வியப்பு இராது. மலையாளத்தில் சங்ஙாத்தம் என்றால் இனிய நட்பு, சங்ஙாதி என்றால் நண்பன். நம் பக்கத்தில் அதே சொல் பெரும்பாலும் எதிர்மறையோடு சேர்ந்தே வாழ்கிறது; ‘ஒன் சங்காத்தமே வேண்டாம்’ என்போமே தவிர, ‘நல்ல சங்காத்தம்’ என்று சொல்லிக் கேட்பது அரிது. சகவாசத்துக்கும் இதே கதிதான்: சேர்ந்து வாழ்தல் என்ற நேர்ப்பொருளுடைய வடசொல், இங்கே ‘கெட்ட சகவாசம்’ என்ற தொடருக்குள் அடைபட்டுவிட்டது. பாட்டியின் வழக்கைத் திருத்தாதீர்கள். இரண்டு வழக்கும் சரி.

கேள்வி (திசையன்விளை): சகவாசம், சாவகாசம் இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. சாவகாசம் என்றால் அவசரமின்மை. சகவாசத்தைப் பேச்சில் ‘சவகாசம்’ என்று எழுத்து மாற்றிச் சொல்வதால்தான் மயக்கம்.

கேள்வி (வள்ளியூர்): முகநூலில் ‘வணக்கம் நட்புகளே’ என்கிறார்கள். நண்பரை நட்பு என்று சொல்வது பிழையல்லவா?

பதில்: காதுக்கு எனக்கும் உவப்பாக இல்லை, ஆனால் பிழை என்று தள்ள முடியாது. ‘படைகுடி கூழ்அமைச்சு நட்பரண்’ என்று அரசனுக்கு வேண்டிய ஆறு உறுப்புகளைச் சொல்லும் குறளில், நட்பு என்பது நட்பு நாட்டு அரசனையே குறிக்கிறது. பண்பின் பெயர் அதனை உடையவருக்கு ஆகிவருவது ஆகுபெயர். அங்கே மன்னருக்கு ஆனது இங்கே முகநூல் நண்பருக்கு ஆகக் கூடாது என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. எழுதும்போது ‘நட்புகள்’ என்று ஒற்று மிகாமல் எழுதலாம். ‘நட்புக் கொண்டான்’ என்னும் இடத்தில் க் மிகும்.

கேள்வி (சேரன்மகாதேவி, இசை கற்பவர்): யாழ் நரம்பிலும் நட்பு உண்டு என்று ஆசிரியர் சொன்னார். எப்படி?

பதில்: பழந்தமிழ் இசையில் நரம்புகளுக்கிடையே, அதாவது சுரங்களுக்கிடையே, உள்ள உறவை இணை, கிளை, பகை, நட்பு என்று நான்காகப் பிரித்தார்கள், சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் இந்த நான்கும் இதே வரிசையில் வருகின்றன. எடுத்துக்கொண்ட நரம்பை ஒன்றாக வைத்து எண்ணினால் நான்காவதாக வருவது நட்பு நரம்பு. உங்கள் பாடத்தில் சட்சமத்தை முதலாகக் கொண்டால் மத்திமம்தான் அதன் நட்பு. இரண்டையும் சேர்த்து மீட்டிப் பாருங்கள்.