சக்கர ஸ்கேட் மாட்டிக்கொண்டு ஆடும் ரோலர் டெர்பியில் பந்தே இல்லையே, புள்ளி எப்படி எடுக்கிறார்கள்?

பந்துக்குப் பதில் ஆள்தான். ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்டுக்கொண்டு வருகிற ஜாமர் எதிரணி ஆட்களைத் தாண்டினால் புள்ளி.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் என் மகள் இதைப் பழகுகிறாள். அவளோடு போய்ப் போய் எனக்கும் இந்த ஆட்டத்தின் மேல் தீராத பிரியம் வந்துவிட்டது.

நீள்வட்டத் தடம், இடஞ்சுழியாக ஓட்டம். அணிக்கு ஐந்து பேர்: ஒரு ஜாமர், மறித்து நிற்கும் நான்கு பிளாக்கர்கள். ஆட்டம் ஜாம் என்ற சிறு சிறு பகுதிகளாக நடக்கும்: ஒரு ஜாம் அதிகபட்சம் 2 நிமிடம், அடுத்த ஜாமுக்கு முன் 30 விநாடி இடைவெளி. முழு ஆட்டம் தலா 30 நிமிடமாக இரண்டு பாதி. ஜாமர் முதல் தடவை பிளாக்கர்களின் கூட்டத்தைக் கடந்தால் புள்ளி கிடையாது. சுற்றிவந்து மறுபடி கடக்கும்போதுதான் ஒவ்வொரு எதிரணி பிளாக்கருக்கும் ஒரு புள்ளி.

கபடியில் இரண்டு பக்க ரெய்டரும் ஒரே நேரத்தில் இறங்கினால் எப்படி இருக்கும்? அதுதான் இது. நம் ஜாமருக்கு வழி உண்டாக்கிக்கொண்டே எதிரணி ஜாமரை மறிக்க வேண்டும்.

முதல்முறை பார்ப்பவர்களின் கண் நட்சத்திரத்தின் பின்னாலேயே ஓடும். நான் பிளாக்கர்களைப் பார்க்கச் சொல்வேன். இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். மூன்றாமவள் அவர்களைப் பார்த்தபடி பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே, இருவர் தோளையும் பிடித்து முட்டுக்கொடுப்பாள். எதிரணி ஜாமர் பின்னாலிருந்து வந்து முட்டியதும் சக்கரங்கள் தரையில் கிரீச்சிடும். மூவரும் ஒரே உடம்பாக நகர்வார்கள். ஜாமரைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டால் இன்னும் அழகு. தள்ளியவளுக்குப் பின்னால் வந்துதான் ஜாமர் உள்ளே நுழைய முடியும் என்பதால், தள்ளியவள் சட்டென்று பின்னோக்கி ஓடுவாள். ஜாமரும் வேறு வழியில்லாமல் அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டும்!

கூட்டத்தை முதலில் ஒழுங்காகத் தாண்டியவர் லீட் ஜாமர். அவர் இடுப்பில் தட்டிக் காட்டினால் ஜாம் அப்போதே முடிந்துவிடும். நான்கு புள்ளி எடுத்துவிட்டு, எதிராளி ஒன்று எடுப்பதற்குள் நிறுத்துவது பெரிய சாமர்த்தியம்.

"பொம்பளைப் பிள்ளைக்கு ஏன் இந்த அடிதடி?" என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். தோள், இடுப்பால் இடிக்கலாம். முழங்கையால் குத்துவது, முதுகில் இடிப்பது, தலையில் மோதுவது எல்லாம் தப்பு. பெனால்டி வாங்கினால் 30 விநாடி வெளியே உட்கார வேண்டும், ஏழு வாங்கினால் அன்றைய ஆட்டமே போச்சு. 1935-ல் சிகாகோவில் லியோ செல்ட்சர் இதை நெடுந்தூர ஓட்டமாகத் தொடங்கினார், மோதல் பிறகு சேர்ந்தது. இன்றைய வடிவத்துக்கு 2000-களின் தொடக்கத்தில் டெக்சாஸின் ஆஸ்டினில் உயிர் கொடுத்தவர்கள் பெண்கள்தான். 2014-ல் டல்லாஸில் நடந்த உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கப் பெண்களும் ஆடினார்கள்.

பழக நினைத்தால் முதல் பாடம் விழுவதுதான். முழங்கால் கவசத்தின் மேல் விழுந்து, விரல்களை உடனே மடக்கிக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறவரின் சக்கரம் ஏறாமல் இருக்க. ஸ்கேட்டை இரவல் வாங்கிச் சமாளிக்கலாம். ஹெல்மெட், பல் கவசம், முழங்கால் கவசம் மூன்றையும் உங்கள் அளவுக்கு நல்லதாகச் சொந்தமாகவே வாங்குங்கள்.